எட்டு வெற்றிக்கான கூலி

"தொள்ளாயிரத்து இருபது பவுண்டு" என்றார் வில்ஃப்.

பஞ்சுக் குச்சியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த டேரிலின் கை நின்றது. "என்னப்பா?"

"குடுக்கணும். தொள்ளாயிரத்து இருபது."

காலையிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான். சோபாவை வெளியே தள்ளிவிட்டு, முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுப் பதினாறு நாள் ஆகியிருந்தது. சுரங்கத்தில் இருபது வருஷம் தின்ற கரித்தூசு நெஞ்சுக்குள் கிடந்து இழுத்தது. டேரிலின் மனைவி டோனா சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கேஸ் பில்லச் சொல்றாரோ?"

"கேஸ் பில் அவ்வளவா வரும்?"

"நீ ராத்திரி பகலா ஹீட்டர் போட்டு வச்சிருக்கிற லட்சணத்துக்கு வரும்."

டேரில் குனிந்து அப்பாவின் காதருகே போனான். "யாருக்குப்பா குடுக்கணும்?"

வில்ஃப் கண்ணைத் திறந்தார். மகனை வெகுநேரம் பார்த்தார். "யாருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "மெஷின்ல இருக்கு. பாத்துக்கோ."

"மருந்து பேசுது" என்று முணுமுணுத்துவிட்டு டோனா உள்ளே போனாள்.

அன்று சனிக்கிழமை. மூன்று தெரு தள்ளி ஊரின் ரக்பி மைதானம். மூச்சுக்குக் காற்று வேண்டுமென்று ஜன்னலைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் ஒரு சத்தம் எழுந்தது. போர்வைக்கு மேலிருந்த வில்ஃபின் விரல் அசைந்தது.

"நம்மளா? அவங்களா?"

சத்தம் மெலிதாக இருந்தது. ஒரு மூலையிலிருந்து மட்டும் வந்தது. இரண்டு பஸ் பிடித்து வந்திருந்த வெளியூர்க்காரர்களின் சத்தம். டேரிலுக்குத் தெரிந்தது.

"நம்மதான்பா."

சுரங்கம் மூடிய பிறகு அந்த மைதானத்தில் ஆட்டக்காரர்களின் சட்டை துவைத்தவர் வில்ஃப். துவைக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. சத்தத்தை வைத்தே ஸ்கோர் சொல்லுவார், ஒருநாளும் தப்பாது. வில்ஃப் மகனின் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அதற்குள் அவர் போயிருந்தார்.

*

உடலை எடுத்துப் போனதும் டோனா படுக்கைத் துணிகளை உருவினாள். டேரில் பின்புறத்துக் கொட்டகைக்குப் போனான். முன்பு கரி போட்டுவைத்த இடம். அங்கே அட்டைப் பெட்டி பாதி கிழிந்தபடி ஒரு வாஷிங் மெஷின் நின்றது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன் டேரில் வாங்கிக் கொடுத்தது. ஊரின் தார்ன்ராய்ட் அணிக்காக ஒன்பதாம் எண் போட்டு எட்டு ஆட்டம் ஆடினான். எட்டும் வெற்றி. தோற்றால் நாற்பது பவுண்டு, ஜெயித்தால் நூற்றுப் பதினைந்து. அந்த ஜெயித்த காசில்தான் வாங்கினான். ஊராரின் அழுக்கையெல்லாம் துவைக்கிற மனுஷன், தன் வீட்டுத் துணியையாவது குனியாமல் துவைக்கட்டும் என்று. வில்ஃப் அதற்குத் தண்ணீர்க் குழாய்கூட மாட்டவில்லை. தன் துணியையும் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கே நடந்தார். "கிழவனுக்குத் திமிரு" என்று டேரில் மதுக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

வட்டக் கண்ணாடிக் கதவு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்துத் திறந்தான்.

உள்ளே வெளுத்த பேண்டேஜ் சுருள் ஒன்று. அதன் நடுவே, ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய்த்துண்டு. கூடவே, சட்டைக் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள். எட்டு வரி. எதிரணி, தேதி, 115. அடியில் கோடு போட்டு 920. வேறு ஒரு வார்த்தை இல்லை.

டேரில் கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வருஷம் பப்புவா நியூ கினியிலிருந்து போமாய் வந்தான். மலைநாட்டு ஆள், குள்ளம், கழுத்தே இல்லாதவன்போல இருப்பான். மூன்று ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவான். கிளப் அவனை வில்ஃப் வீட்டில், டேரில் பிறந்து வளர்ந்த அறையில் தங்கவைத்தது. ஒரு மாதத்தில், டேரில் காத்துக்கிடந்த ஒன்பதாம் எண்ணையும் கொடுத்தது. டேரிலைவிட வேகம், அதை டேரிலே பார்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு டேரில், தான் வேலை செய்த இடத்திலிருந்து குழாய்த்துண்டு ஒன்றை எடுத்துப்போய் முன்கையில் வைத்து பேண்டேஜ் சுற்றிக்கொண்டான். போமாய் பந்தோடு திரும்பியபோது கையை வீசினான். போமாயின் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. எல்லோரும் தவறிப் பட்டது என்றார்கள். டேரிலும் ஆஸ்பத்திரிவரை கூடப் போனான்.

பேண்டேஜைப் பழக்கதோஷத்தில் அழுக்குக் கூடையில் எறிந்துவிட்டான். கழற்றியதைக் கூடையில் எறிவதுதான் இந்த ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், எடுப்பது வில்ஃபின் வேலை. குழாய்த்துண்டின் ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது கூடை காலி. குழாய் மைதானத்துச் சேற்றில் விழுந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். எட்டு வாரம் ஆடினான். போமாய் தாடை கூடி வந்ததும் சட்டை அவனிடமே போனது.

அதற்குப் பிறகு டேரில் ஆடவில்லை, பேசினான். "வெளிநாட்டான் ஒருத்தன் உள்ள வந்தா ஊர்ப்பிள்ளை ஒருத்தன் வெளிய போறான்." கூட்டங்களில் அவன் சொல்லி ஊரே திருப்பிச் சொன்ன வாக்கியம். அந்தப் பேச்சுக்காகவே அவனைச் சிறுவர் அணிக்குக் கோச் ஆக்கினார்கள். அவனிடம் ஏழு வயதில் பந்து பிடிக்கக் கற்றவர்களில் ஒருவன் ரீஸ். போமாய் இந்த ஊரிலேயே பெண் கட்டிப் பெற்ற மகன். இப்போது இருபத்திரண்டு வயது, ஒன்பதாம் எண் அவனிடம். ஊர்ப்பிள்ளை.

*

திங்கட்கிழமை டேரில் வங்கியில் பணம் எடுத்தான். ஒரு கவரில் போட்டு, மெத்தைக் கம்பெனி வாசலில் போமாயின் ஷிப்ட் முடியும்வரை காத்து நின்றான்.

போமாய் அவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "பப்பா போனதக் கேட்டேன். டேரில், என்னால..." கண்ணைத் துடைத்தான். வில்ஃபை அவன், அந்த வீட்டில் தங்கவந்த நாள்முதல், பப்பா என்றுதான் கூப்பிட்டான்.

டேரில் கவரை அவன் கோட்டுப் பைக்குள் செருகப்போனான். போமாய் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன இது?"

"அப்பா குடுக்கச் சொன்னாரு."

"பப்பா எனக்குக் கடன்பட்டவர் இல்லியே. எவ்வளவு?"

"தொள்ளாயிரத்து இருபது."

போமாய் கணக்குப் போட்டான். போட்டு முடித்தது முகத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் லேசாகக் கோணிய தாடையை விரலால் தேய்த்தான்.

"எட்டு ஆட்டம்" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"கை பட்டா ஒரு சத்தம். அது வேற சத்தம். என் எலும்புதானே, எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

"இருபத்தேழு வருஷமாவா?"

"எங்க மலையில தாத்தன் செஞ்சதுக்குப் பேரன் வந்து ஈடு குடுப்பான். அதுக்கு இது சீக்கிரம்தான்." சிரித்தான். பிறகு கவரைத் திருப்பி டேரிலின் கையில் வைத்தான். "ஆனா இப்படி வாங்க மாட்டேன். எங்க ஆளுங்க இதக் கதவோரத்துல நின்னு வாங்கறதில்ல. நாலு பேர் முன்னால வந்து நிக்கணும். எதுக்குன்னு சொல்லணும். அப்புறம் எண்ணி வாங்கிப்பேன்."

"போமாய், தயவுசெஞ்சு. நான் பசங்களுக்குக் கோச். ரீஸ்..."

"ரீஸ் அந்த நாலு பேர்ல ஒருத்தன்."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா வேணாம். காசில்லாம நான் செத்தா போயிட்டேன்?" தொப்பியை மாட்டிக்கொண்டான். "வெள்ளிக்கிழமை பப்பாவத் தூக்க என் தோள் வேணும்னா சொல்லு. அதுக்குக் காசு கெடையாது."

*

வெள்ளிக்கிழமை சவப்பெட்டியை முன்னால் தூக்கியது அவர்கள் இருவரும்தான். இடப்பக்கம் டேரில், வலப்பக்கம் போமாய். டேரில் உயரம், போமாய் குள்ளம், பெட்டி சரிந்தது. "குனிடா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். டேரில் கல்லறைவரை முட்டியை மடக்கியபடி நடந்தான்.

பிறகு கிளப்பில் டீ. ஹாம் சாண்ட்விச், பட்டாணியோடு இறைச்சி அப்பம். எழுபது பேர் இருக்கும். வில்ஃப் துவைத்துப் போட்ட சட்டைகளைப் பற்றிப் பேச்சு. ஒருமுறை எல்லாச் சட்டையும் இளஞ்சிவப்பாகச் சாயமேறி, அதோடே இறங்கி ஆடி ஜெயித்த கதை. சிரிப்பு. டோனா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கவர் கோட்டின் உள்பையில் நெஞ்சை இடித்தது. போமாய் மூலை மேசையில் மகனோடு உட்கார்ந்து அப்பம் தின்றான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டேரில் எழுந்தான். எழுந்ததை முதலில் அவனே நம்பவில்லை.

"அமைதி, அமைதி! டேரில் பேசப்போறான்" என்றார் டெரெக், பழைய முன்வரிசை ஆட்டக்காரர். "சத்தமாச் சொல்லுப்பா, எனக்குக் காது மந்தம்."

"அப்பாவப் பத்தி இல்ல" என்றான் டேரில். "என்னப் பத்தி." கோட்டிலிருந்து குழாய்த்துண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "போமாயோட தாடை உடைஞ்சது தவறிப் பட்டு இல்ல. இதக் கையில கட்டிட்டுப் போய் அடிச்சேன். அவன் படுத்திருந்த எட்டு வாரமும் அவன் சட்டையில நான் ஆடினேன். அந்தக் காசு அவனோடது."

கவரை எடுத்துக் குழாய்த்துண்டின் பக்கத்தில் வைத்தான்.

டோனா கையிலிருந்த கெண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"உங்கப்பனப் பொதைச்ச மண்ணு இன்னும் ஈரமா இருக்கு" என்றார் டெரெக். "இன்னிக்கா இதச் சொல்லணும்?"

"இன்னிக்குத்தான்" என்றான் போமாய். எழுந்து வந்தான். கவரைப் பிரித்து, எல்லோர் கண்ணும் பார்க்க, நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டு வாய்விட்டு எண்ணினான். நாற்பத்தாறு இருபது பவுண்டு நோட்டு. அவசரமே படவில்லை. டேரிலுக்கு அந்த நேரத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எண்ணும் விரல்களையே பார்த்தான்.

"சரியா இருக்கு." ஒரு நோட்டைத் திருப்பி டேரிலின் கையில் வைத்தான். "முழுசா வாங்கிட்டா உறவும் அதோட தீந்துபோச்சுன்னு ஆயிடும். இத வச்சுக்கோ."

அவன் நீட்டிய கையை டேரில் பிடித்தான். ஆட்கள் ஒவ்வொருவராகத் தட்டை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தார்கள். டேரில் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ரீஸ் கடைசியாக வந்தான். குழாய்த்துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தான், இருந்த இடத்திலேயே வைத்தான். ஏழு வயதிலிருந்து அவன் டேரிலைக் கோச் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"டேரில்" என்றான். "சனிக்கிழமை ஆடின சட்டையெல்லாம் துவைக்க ஆளில்லாம அப்படியே பையில கெடக்கு. நாறுது. நாளைக்கு ஆட்டம்."

"நான் எடுத்துக்கறேன்" என்றான் டேரில்.

*

மெஷினின் பழைய ரப்பர் குழாய் தொட்டதும் பொடிந்தது. கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புதுசு வாங்கினான். பதினாலு பவுண்டு. கையில் இருந்த இருபதில் கொடுத்தான்.

காய்ந்து கட்டியான சேற்றோடு சட்டைகளை உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினான். மெஷின் முனகியது, நின்றது, பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கதவோரத்து ரப்பர் காலத்தால் விறைத்துப்போயிருந்தது. தண்ணீர் கசிந்து அவன் கறுப்புக் கால்சட்டையின் முட்டியை நனைத்தது. டேரில் மண்டியிட்டு, உள்ளங்கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

டோனா வந்து வாசலில் நின்றாள். ஒரு பழைய துண்டை அவனருகே போட்டாள். போய்விட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் பழுப்பாகிக்கொண்டே வந்தது. ஒன்பதாம் எண் ஒருமுறை கண்ணாடியில் ஒட்டி நின்றது. பிறகு மற்றச் சட்டைகளோடு சுழன்று உள்ளே போனது.