லூர்துசாமி வாங்கிய கார்பன் மட்டை

என் நைனா லூர்துசாமியிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். என்னைப் பற்றி 'எந்த லெவல்?' என்று மட்டும் கேட்கக் கூடாது. தி.நகரில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர் பாவம், அதைத்தான் கேட்டார்.

"ஆடுறவங்க எந்த லெவல் சார்? ஆரம்பமா, நடுத்தரமா? அதுக்கேத்த பிளேடா எடுத்துத் தர்றேன்."

"இன்னா லெவலா? எங்க குப்பத்துல எம்பொண்ண ஜெயிக்க ஆளு கீதா? இருக்கறதுலயே வேகமா போறத எடு."

எங்கள் குப்பத்தில் டேபிள் டென்னிஸ் ஆடுவது நான் ஒருத்திதான் என்பதை அவர் கடைக்காரரிடம் சொல்லவில்லை. கார்பன் இழை வைத்த பிளேடோடு, அதாவது மட்டையோடு, வீட்டுக்கு வந்து, கடையில் நடந்ததைப் பெருமையாக அத்தனை பேரிடமும் சொன்னார்.

அந்த மட்டையில் பந்து பட்டதுதான் தெரியும். அடுத்த நொடி சுவரில் இருக்கும். என் பழைய மட்டை வெறும் மரம். நிதானமானது. பந்து அதில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகும். மேசையை விட்டுத் தள்ளி நின்று, கையை வீசி, பந்தைச் சுழற்றி அனுப்புவதுதான் என் ஆட்டம். அதற்கு அந்த நிதானம் வேண்டும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? படகுக்குப் புது இன்ஜின் வாங்கினால் செய்வதைப் போல, மட்டையைக் கோயிலுக்கு எடுத்துப்போய் ஃபாதரிடம் தீர்த்தம் தெளிக்கச் சொல்லிவிட்டார். மட்டையில் ஒட்டிய ரப்பர் நனைந்தால் பந்து வழுக்கும். நான் துப்பட்டாவால் துடைத்தபடியே ஜெபம் சொன்னேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. புது வலை முதல் நாளே நல்ல மீன்பாடு கொண்டுவந்தால், பழைய வலையை அன்றைக்கே இல்லாதவருக்குக் கொடுத்துவிடுவார். பழையது வீட்டில் கிடந்தால் புதியது கோபித்துக்கொள்ளுமாம்.

மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் பெண்களுக்கு ஒரே இடம். தேர்வு ஆட்டங்களில் கடைசியாக மிஞ்சியது நானும் வர்ஷினி என்ற பெண்ணும். என் மார்க்குக்கு வேறு கல்லூரி வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டார். கிடைக்காவிட்டால் அத்தையோடு மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் வெட்ட வேண்டும். அது ஒன்றும் கேவலமில்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

புதியதைப் பையிலேயே வைத்துவிட்டுப் பழையதில் ஆடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் கடைசி ஆட்டத்தன்று நைனா முதல் வரிசையில், வீடியோ காலில் குப்பத்தையே கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அஸ்வினி! இன்னாம்மா பழச எடுக்கற? புதுசு எங்க?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. புதியதை எடுத்தேன். அம்பயர் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஆட்டத்தில் எந்த மட்டையோடு தொடங்குகிறோமோ அதோடுதான் முடிக்க வேண்டும். உடைந்தாலொழிய மாற்ற முடியாது. தாலி கட்டியாயிற்று.

ஐந்தில் மூன்று கேம் எடுப்பவர் ஜெயிப்பார். முதல் இரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. நான் வீசிய பந்தெல்லாம் மேசையைத் தாண்டியது. ஒன்று அம்பயர் சட்டையிலேயே பட்டது.

"வேகம் பத்தல! இன்னும் இழுத்து அடி!" என்று கத்தினார் நைனா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். சொல்லிவிட்டேன். "நைனா, இந்த பேட் என் கைக்கு அடங்கல."

அவர் முகம் சுருங்கிப் போனது. என்னைப் பார்க்கவில்லை, மட்டையைப் பார்த்தார். போனுக்குள்ளிருந்து யாரோ, "இன்னா மாமா, பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லடா. தண்ணி கேக்குது."

அந்தக் குரலைக் கேட்டதும் ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்றிருந்தது.

மூன்றாவது கேமில் வீசுவதையே விட்டுவிட்டேன். எரிச்சல்தான் காரணம், திட்டமெல்லாம் இல்லை. மேசையை ஒட்டி நின்று மட்டையைச் சும்மா முன்னால் நீட்டினேன். வர்ஷினி பலமாக அடிப்பவள். அவள் அடித்த வேகமே அவளிடம் திரும்பிப் போனது. அவள் திணறினாள். இன்னும் பலமாக அடித்தாள், இன்னும் வேகமாகப் போனது. மீதி மூன்று கேமையும் அப்படியே எடுத்தேன். ஒரு பந்தைக்கூட ஆசை தீர அடிக்கவில்லை. கையைக் கட்டிப்போட்ட மாதிரி நின்றே ஜெயித்தேன்.

நைனா ஓடி வந்து தூக்கிச் சுற்றினார். "அடங்கலன்னியே! அடங்கிடிச்சி பாத்தியா!" போனுக்குள் குப்பமே விசிலடித்தது. இடம் எனக்குத்தான் என்று அம்பயர் பக்கத்திலிருந்த கல்லூரி மேடம் கைகொடுத்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்போது நைனா என் பையைத் திறந்தார்.

"நைனா, வேணாம்," என்றேன்.

"சும்மா இரு. புதுசு மொத நாளே குட்த்திருக்கு." பழைய மட்டையோடு நேராக வர்ஷினியிடம் போனார். அவள் தலையைக் குனிந்து ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அழாத பாப்பா. இத வெச்சிக்கோ. எம்பொண்ணு இதுலதான் கத்துக்கினா."

அவள் சங்கடத்தோடு வாங்கினாள். பந்தை அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். முகம் மாறியது.

"அங்கிள், நிஜமாவே எனக்கா? இந்த மாதிரி நிதானமான பிளேடத்தான் ரெண்டு வருஷமா தேடிண்டிருக்கேன். எந்தக் கடையிலயும் இல்ல."

"பாத்தியா, அதுக்கும் சந்தோசம்," என்று நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் கார்பன் மட்டையின் பிடியில், கையோடு கொண்டுவந்திருந்த முழம் மல்லிகையைச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார். "காலேஜு மூணு வருசத்துக்கும் இதான் கண்ணு உனக்கு." போனை என் முகத்துக்கு நேரே திருப்பினார். குப்பமே காத்துக்கொண்டிருந்தது. "சொல்லு, பேட் எப்டி கீது?"

அவர் கண் கலங்கியிருந்தது.

"சூப்பரா கீது நைனா," என்றேன்.