கூடுதலாக ஒரு மூடி

அந்த ஆட்டோக்காரரை ஸ்டாண்டில் எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தத் தெரு வழியாகப் போனார் என்பதை அரை மணி நேரம் கழித்தும் சொல்லிவிடலாம், அப்படி ஒரு புகை. பழைய வண்டி, பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். மெக்கானிக் சொன்னது லிட்டருக்கு ஒரு மூடி. இவர் ஊற்றுவது இரண்டு. "இஞ்சினுக்கு வயிறு காயக் கூடாதுய்யா" என்பார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட மனுஷன் இப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லை.

புகைப் பரிசோதனையில் வண்டி இரண்டு முறை தோற்றுவிட்டது. மூன்றாவது முறையும் தோற்றால் பெர்மிட் போய்விடும்.

வீட்டில் ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின். தெருமுனையில் புகை நாற்றம் எழுந்ததுமே மனைவி இருமிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார், அடுப்பில் டீயை வைப்பார். மேகம் படியேறும்போது டீ தயார். இருபது வருஷப் பழக்கம்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மெக்கானிக் டேங்கைக் காலி செய்து, சைலன்சரைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். மறுநாள் காலை மனைவி ஆயில் டின்னை பீரோவில் வைத்துப் பூட்டினார். லிட்டருக்கு ஒரு மூடிக் கணக்கில் தன் பழைய இருமல் மருந்து பாட்டிலில் அளந்து நீட்டினார்.

"இதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாதுங்க."

"வண்டியப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குறியா?"

"என்னைக் கொல்லாம இருந்தா சரி."

வண்டியை பங்க் வரை தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் போட்டார். மனசு கேட்கவில்லை. பக்கத்து ஆட்டோக்காரரிடம் அவருடைய ஆயில் டின்னை வாங்கி மூடியையும் திறந்துவிட்டார். இன்னொரு கையில் மனைவி கொடுத்த பாட்டில். பாதி கிழிந்த லேபிளில் 'நாள்பட்ட இருமலுக்கு' என்று இருந்தது. அத்தனை நாளும் தான் ஊற்றியது யாருடைய நெஞ்சில் போய் இறங்கியது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. டின்னைத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசோதனை செய்த பெண் கருவியைப் பார்த்தாள், வண்டி நம்பரைப் பார்த்தாள். "அதே வண்டிதானா அண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சீட்டில் முத்திரை குத்தினாள்.

மேகம் சீட்டை ஆட்டிக்கொண்டே படியேறினார். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்த மனைவி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எப்ப வந்தீங்க? நீங்க வந்ததே தெரியலையே! டீகூட வைக்கலையே!"

மேகத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நீ தைம்மா" என்று சொல்லி அடுப்பை அவரே பற்ற வைத்தார்.