ஓர் ஆளுக்கு எத்தனை போர்வை

மூன்று நாடுகள் கூட்டுச் சேர்ந்து போர் நடத்தின. செலவையும் பங்கு போட்டுக்கொண்டன. பெரிய நாடு பணம் தந்தது, நடு நாடு எண்ணெய் தந்தது. சின்ன நாட்டின் கஜானாவில் எலிகூடப் பட்டினி கிடந்தது. அதனால் அதன் பங்கு ஆட்களாக. மாதம் ஒரு லாரி நிறைய. ஆள் கொடுக்க மனமில்லை என்றால் போர்வை கொடுக்கலாம். நூறு போர்வைக்கு ஓர் ஆள் கழிவு.

தையல் கூடத்தில் போர்வைக்கு ஓரம் அடிப்பவளை எல்லோரும் ஓரக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு உறவென்று இருந்தது ஒரு தம்பி. லாரியில் போக வேண்டியவர்களின் பட்டியலில் பெயர்களைக் கடைசியிலிருந்துதான் கழிப்பார்கள். கழித்துக்கொண்டே வந்ததில் இப்போது கடைசிப் பெயர் அவனுடையது. இன்னும் ஒரு நூறு அடித்தால் தப்பித்தான்.

அடித்தாள். ஊசி நகத்தில் இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை.

"ஏய், ரத்தம்டி! துணியில பட்டா எடுக்க மாட்டாங்க" என்று பக்கத்தில் போர்வைகளை மடித்து அடுக்கும் மடிப்புக்காரிதான் கையைத் தட்டிவிட்டாள்.

லாரி கிளம்பும் நாள் காலையில் நூறும் முடிந்தது. போர்வைக் கணக்குக் கொடுக்கத் துறைமுகம் போய்த் திரும்பிய மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"பெரிய நாட்டுக்காரங்க கணக்க மாத்திட்டாங்க. நேத்து வரைக்கும் கழிச்சது கழிச்சதுதான். இன்னையிலேர்ந்து ஆளுக்கு நூத்தம்பது."

"ஏனாம்?" என்றாள் மடிப்புக்காரி.

"அவங்க ஊர்ல போர்வை மலிஞ்சு போச்சாம்."

"மனுஷன் மலியலையாமா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன மந்திரியா?"

ஓரக்காரி அடுத்த துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். ஐம்பது போர்வைக்கு நாலு நாள் வேண்டும். லாரி வாசலில் நின்றது.

தம்பி பையோடு உள்ளே வந்தான்.

"கேட்டியாக்கா? ஒரே ராத்திரியில என் விலை ஏறிடுச்சு."

"வாய மூடுடா."

"நம்ம பரம்பரையில யாருக்காச்சும் இப்படி ஏறியிருக்கா, சொல்லு."

மடிப்புக்காரி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போய் அனுப்பிட்டு வாம்மா" என்றார் மேஸ்திரி.

லாரியில் அவன் இரண்டு பேருக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மூக்கிலிருந்த கம்பளித் தூசிக்குத் தும்மல்தான் வந்தது.

"அழறதுக்குப் பதிலா தும்முது பாருடா எங்கக்கா" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். லாரி போய்விட்டது. அவள் மறுபடி தும்மினாள்.

அடுத்த மாத வரிசையில் கடைசிப் பெயர் மடிப்புக்காரியின் மகன். ஓரக்காரி திரும்பி வந்தபோது மெஷின் பக்கத்தில் புதுத் துணி அடுக்கியிருந்தது. மடிப்புக்காரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ மடித்துக்கொண்டிருந்தாள்.

ஓரக்காரி மேல் துணியை எடுத்தாள். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சட்டென்று தெரியவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மெஷினை மிதித்தாள்.