அண்ணன் வைத்திருந்த வாட்டர் பம்ப்

அப்பாவின் பழைய கார் தம்பிக்குப் போன நாளிலிருந்து அண்ணன் அவனோடு பேசுவதில்லை. இப்போது அதன் வாட்டர் பம்ப் ஒழுகியது. அந்த மாடலுக்கு உதிரி கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அப்பா வாங்கி வைத்த ஒரே பம்ப் அண்ணனிடம் இருந்தது.

தம்பி மானத்தை விட்டுப் போய்க் கேட்டான். அண்ணன் மறுபேச்சில்லாமல் எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

"சுத்திப் பாரு. பேரிங் நல்லா இருக்கா?"

"புதுசு மாதிரி இருக்குண்ணே." தம்பி இன்னொரு முறை சுற்றிப் பார்த்தான்.

"கொடு."

வாங்கி வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டார். வார்ப்பிரும்பு மூன்றாக உடைந்தது.

"நீ வந்து கேட்பேன்னுதான் இத்தனை வருஷமா எண்ணெய் போட்டு வச்சிருந்தேன்."

வெல்டிங் வைத்தாவது பார்க்கலாமே என்று தம்பி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். அதில் ஒன்றை அண்ணன் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.