படிக்கிறேன்னு சொன்னதுல வந்த வினை

நான் ஒட்டடைதான் பேசுறேன், ஒல்லியா இருக்கேன்னு நீங்க வெச்ச பேருதான். வயசு இருபத்திமூணு. துணி வெளுக்கிற ஆலைக்குப் பின்னாடி, லாரி வந்து நிக்கிற மேடையில உக்காந்திருக்கேன். எவனோ என் குரல்ல பேசி அப்பாவ ஏமாத்தப் பாத்தான்ல, அதுலேர்ந்து இந்தக் குடும்ப குரூப்புல பேரு, வயசு, இடம் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு அம்மா சட்டம் போட்டிருக்காங்க. அதான். டைப் அடிக்க நேரமில்ல. வாயால சொல்றேன், ஃபோனு எழுதிக்குது. எங்கயாவது உளறலா இருந்தா அது ஃபோன், நான் இல்ல.

பதறாதீங்க. வேலை இன்னிக்கு வரைக்கும் இருக்கு. நாளைக்கு இருக்குமான்னு தெரியல, அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு.

எங்க டீ குடிக்கிற ரூம்ல ஒரு பலகை இருக்கு. யாரு லீவு, யாரு எந்த ஷிப்டுன்னு ஒட்டுற பலகை. லாரிக்காரர் அதுல பாதிய வளைச்சுப் போட்டு, "இப்ப என்ன புத்தகம் ஓடுது?"ன்னு எழுதி வெச்சுட்டாரு. வண்டி ஓட்டிக்கிட்டே காதால கதை கேக்குற ஆளு அவரு. யாரு என்ன புத்தகம் வெச்சிருக்காங்களோ, துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டணும். இஸ்திரி மெஷின்ல நிக்கிற அக்கா ஒரே காதல் கதையத் திரும்பத் திரும்பப் படிக்கிறாங்களாம். "முடிவு தெரிஞ்ச ஆம்பளையத்தான் நம்ப முடியுது"ன்னு எழுதியிருந்தாங்க. மெக்கானிக் தேனீயப் பத்தி ஒரு தடி புத்தகம். "ராணித் தேனீ முன்னாடி எல்லாம் கப்சிப். என் பேச்ச வீட்ல யாரும் மதிக்கிறதில்ல"ன்னு எழுதியிருந்தாரு. கீழ யாரோ "இங்கயும்தான்"ன்னு கிறுக்கி வெச்சிருந்தாங்க.

எனக்கும் ஆசை வந்துடுச்சு. வந்ததுலேர்ந்து என்கிட்ட "நகரு", "தூக்கு", "அந்த முனையப் பிடி"ங்கிறதத் தவிர யாரும் பெருசா பேசினதில்ல. அக்கா, நான் ஊர்லேர்ந்து கிளம்பும்போது நீ பெட்டியில சட்டைக்கு நடுவுல சொருகிவிட்டியே, வீடு வீடாப் போயி பிரசவம் பாக்குற மருத்துவச்சி கதை, அதத்தான் படிச்சுட்டிருக்கேன். கீழ வைக்க மனசே வரல. அதச் சீட்டுல எழுதினேன்.

"பிரசவம் பாக்குற ஒரு அம்மாவப் பத்திப் படிக்கிறேன். தினமும் வேலை முடிஞ்சு ரூமுக்குப் போனா இதுதான். சீக்கிரம் முடிச்சுடுவேன்." மனசுல நினைச்சது இதுதான். நமக்குக் கதையும் படிக்கிறதுதான், பரீட்சைக்கும் படிக்கிறதுதான். இங்க அப்படி இல்லையாம், ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை. நான் போட்டது பரீட்சை வார்த்தை. இங்கத்த பாஷையில அது, "நான் பிரசவம் பாக்கப் படிக்கிறேன், தினமும் சாயங்காலம், சீக்கிரம் படிப்பு முடியும்"னு ஆயிடுச்சு.

எனக்கென்ன தெரியும்? ஒட்டிட்டுப் பெருமையா வந்து போர்வை மடிச்சுட்டிருக்கேன். மடிப்பு ரெண்டு பேர் வேலை. ஆளுக்கு ரெண்டு முனையப் பிடிச்சு, நடந்து வந்து நடுவுல சேக்கணும். எதிர்ப்பக்கம் கூட வேலை பாக்குற பையன், சிரிச்சா குழி விழும், அதனால எனக்கு அவன் கன்னக்குழி. முனை சேரும்போதெல்லாம் ஒவ்வொரு கிண்டலா விடுறான்.

"என்ன டாக்டரே, சொல்லவே இல்ல?"

தள்ளிப் போனோம், அடுத்த போர்வை.

"என் மச்சினிக்கு இது ஒம்பதாம் மாசம். வந்து பாக்குறியா?"

"என்னடா உளறுற?"

"அவளுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம். நீன்னா போர்வையும் கையோட கொண்டு வருவ."

நானும் லூசு மாதிரி சிரிக்கிறேன். அதுக்குள்ள மேனேஜரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு விரலால கூப்பிட்டாங்க. கையில என் சீட்டு. கன்னக்குழி சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு.

"உன் பெர்மிட்டு வேலைக்கு மட்டும்தான். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"படிக்கணும்னா வேற பெர்மிட்டு. போன வருஷம் ஒரு பையன் ரெண்டையும் சேத்துப் பண்ணி மாட்டிக்கிட்டான். என்னால அவனக் காப்பாத்த முடியல, திருப்பி அனுப்பிட்டாங்க."

"மேடம், அது கதப் புத்தகம்."

"கதைய எதுக்குடா சாயங்காலமானா படிச்சு முடிக்கணும்?"

ஓடிப் போயி லாக்கர்லேர்ந்து புத்தகத்த எடுத்துட்டு வந்தேன். அட்டையில பெருசா ஒரு நிறைமாச வயிறு. அக்கா, வேற அட்டையே கிடைக்கலையா அவங்களுக்கு? மேனேஜரம்மா தன் ஃபோன எடுத்தாங்க. கேமராவ அட்டைக்குப் பின்னாடி காட்டுனாங்க, அது மொழிபெயர்த்துச் சொல்லும். பின்னாடி "பெண்கள் அனைவரும் படிக்க வேண்டிய புத்தகம்"னு இருக்கா? அந்தப் பாழாப்போன ஃபோனும் பரீட்சை வார்த்தையவே போட்டுச்சு! "பெண்கள் எல்லாரும் பயில வேண்டிய பாடநூல்"னு வருது. என்னைய நிமிந்து பாத்தாங்க பாருங்க, நானே என்னைய நம்பல.

"உள்ள காட்டுங்க மேடம், உள்ள"ன்னு கெஞ்சி, மருத்துவச்சி அந்தப் புருஷங்காரன அதட்டுற பக்கத்தத் திறந்து நீட்டினேன். கேமரா படிச்சுது. "மயக்கம் போடுறதா இருந்தா வாசல்ல போய்ப் போடு. இங்க ஏற்கனவே ஒருத்தி வலியில இருக்கா, உன்னையும் சேத்துத் தூக்க எனக்கு முதுகு இல்ல." மேனேஜரம்மா ரெண்டு தடவ படிச்சாங்க. வாயப் பொத்திக்கிட்டு ஒரு சிரிப்பு.

"அவன் போட்டானா?"

"என்னது?"

"மயக்கம்."

"போட்டான் மேடம். வாசலுக்குப் போகாமலேயே."

பாடப் புத்தகத்துல இப்படி இருக்காதுன்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா அதோட முடியல. சீட்டப் பாத்துட்டு யாரோ மேல பெர்மிட் பாக்குற ஆபீஸுக்கு ஏற்கனவே சொல்லிட்டாங்களாம். நாளைக்குக் காலைல அவங்க என்னைய விசாரிப்பாங்க. "நான் உன் பக்கம் பேசுறேன். ஆனா அவங்க உன் பேரப் போட்டுத் தேடுவாங்க, உன் வீட்டு ஆளுங்க போடுறது வரைக்கும் பாப்பாங்க. அதுல கோளாறா எதுவும் இருக்கக் கூடாது"ன்னாங்க.

என்ன கோளாறு இருக்கப் போகுதுன்னு இங்க வந்து உக்காந்து ஃபோனத் திறக்குறேன். முதல்லயே சித்தப்பா போட்ட போஸ்ட்.

ஆலை வாசல்ல நான் யூனிஃபார்மோட நிக்கிற போட்டோ. சுத்தி ரோஜாப்பூ. "எங்கள் வீட்டுச் செல்லம் வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே இரவு பகலாகப் படிக்கிறான்! வாழ்த்துங்கள்!" கீழ சித்தி, "எப்ப பட்டம் வாங்குவ கண்ணு?" அதுக்கும் கீழ அப்பா கை கூப்பியிருக்காரு. யாரு வேணும்னாலும் பாக்குற மாதிரி திறந்து கிடக்கு.

சித்தப்பா, உங்க மேல கோவமில்ல. "படிச்சுப் படிச்சுக் கண்ணு எரியுது"ன்னு நான்தான் இந்த குரூப்புல போட்டேன். நம்ம வீட்ல அப்படிச் சொன்னா பட்டப் படிப்புன்னுதான் நினைப்பாங்க, எனக்கு அது தோணல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், நீங்க எடுக்கல. அங்க மத்தியானம், தூங்கிட்டு இருப்பீங்க.

அப்பா, நான் படிக்கல. கதை வாசிக்கிறேன். மனசு விட்டுடாதீங்க, அப்புறமா பேசுறேன்.

யாரு இத முதல்ல பாக்குறீங்களோ, தயவுசெஞ்சு சித்தப்பாவ எழுப்பி அந்தப் போஸ்ட எடுக்கச் சொல்லுங்க.