காதில் விழாத பாட்டு

ஆலங்குடிக்கும் இலுப்பூருக்கும் நடந்த சடுகுடு இறுதி ஆட்டம் முடிந்து வாரக்கணக்காகியும், தங்கமுத்துவின் காப்பிக்கடையில் அது முடிந்தபாடில்லை. ஜெயித்த கோப்பை என்னவோ கடை அலமாரியில் பன் ரொட்டி ஜாடிக்குப் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அது நியாயமாக வந்த கோப்பைதானா என்று கேட்பதற்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஓர் ஆள் இருந்தான். தையல்காரன் வீரய்யா.

"இலுப்பூர் அழகுமலை பாட்டை விடவே இல்லை. நான் கோட்டை ஒட்டித்தான் நின்னேன். திரும்பி வர்ற வரைக்கும் சடுகுடு சடுகுடுன்னு வாய் ஓயலை" என்பான் அவன்.

"நீ ஆலங்குடிக்காரனா, இலுப்பூர்க்காரனா?" என்று தங்கமுத்து அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார். "அம்பயர் விசில் ஊதுனா ஊதுனதுதான். ஊதுனது யாரு? சோலையப்பன்."

அந்தச் சோலையப்பன் அதே கடையில், அதே பெஞ்சில், காப்பியை ஆற்றிக்கொண்டிருப்பார். பதில் பேச மாட்டார். தன் தீர்ப்புக்குத் தானே வக்கீலாக நிற்பது அம்பயருக்கு அழகில்லை என்பது அவர் எண்ணம்.

கடலை உடைக்கிற மில்லில் எஞ்சின் ஓட்டுகிறவர் சோலையப்பன். வாலிபத்தில் நல்ல ஆட்டக்காரர். முழங்கால் பிசகிய பிறகு விசிலை எடுத்தார். ஒரு தடவை சொந்த மைத்துனனையே வெளியே போகச் சொல்லி விசில் ஊதியதில், பெண்டாட்டி வீட்டார் ஒரு பொங்கல் முழுக்க அவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எங்கே ஆட்டம் என்றாலும் அவர்தான். இந்த இறுதி ஆட்டத்துக்கு ஆலங்குடிக்காரரே அம்பயராக நிற்கட்டும் என்று கேட்டது இலுப்பூர்க்காரர்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஆட்டம் சமமாக நின்றபோது கடைசிப் பாட்டுக்கு அழகுமலை வந்தான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஓரமாக வளைந்து நடுக்கோட்டுக்குத் திரும்பினான். அவன் கோட்டைத் தொடுவதற்கு முன்பே சோலையப்பன் விசில் ஊதிவிட்டார். பாட்டு நின்னுபோச்சு, ஆள் அவுட்டு என்றார். அழகுமலை தரையில் உட்கார்ந்து மண்ணை அறைந்தான். ஆலங்குடி ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

கடையில் சண்டைக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. வீரய்யாவுக்கு சினிமாப் பாட்டு உயிர். சிலோன் ரேடியோவில் புதுப்பாட்டு வந்தால் தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். சோலையப்பனுக்கு நாதசுரம்தான் சங்கீதம்.

"ஏண்ணே, இந்தப் பாட்டைக் கேட்டும் ஒங்களுக்கு மனசு இளகலையா?" என்று ஒருநாள் கேட்டான்.

"என்னத்தைக் கேக்கிறது? டமடமன்னு தபலா. நடுவுல ஒரு பொம்பளை முணுமுணுக்குது. முன்னெல்லாம் பாட்டுன்னா ஒரு புல்லாங்குழல் இருக்கும். இப்பத்தான் எல்லாத்தையும் எடுத்துட்டானுகளே."

"புல்லாங்குழல்தானேண்ணே பாட்டு முச்சூடும் வருது!"

"எங்கிட்டு வருது?"

வீரய்யா தங்கமுத்துவைப் பார்த்தான். தங்கமுத்து, ரசனை இல்லாதவனோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சோலையப்பனும்கூடச் சிரித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் இந்த இரண்டு சண்டைக்கும் ஓய்வு. அன்று ரேடியோவில் துப்பறியும் நாடகம். பூட்டிய அறைக்குள் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார் என்று வாராவாரம் இழுத்துக்கொண்டு போனார்கள். கடையில் பாதிப் பேர் ஜமீன்தாரின் தம்பி என்றார்கள். தங்கமுத்து சமையல்காரி மேல் கண்ணாக இருந்தார். சோலையப்பனுக்கு டாக்டர் மேல் சந்தேகம். அதற்கு வரிசையாகக் காரணமும் சொல்லுவார். சாட்சி சொன்னதில் எங்கே முரண் இருக்கிறது என்பதை அவரைப்போல யாரும் பிடித்துவிட முடியாது.

கடைசி வாரம் கடையில் நிற்க இடமில்லை. துப்பறிகிறவர் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, கொலைகாரன் கணக்குப்பிள்ளைதான் என்று சொல்லிவிட்டார். கொலை நடந்த நேரத்தில் அறையிலிருந்து சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது என்று வேலைக்காரி சொல்லியிருந்தாளாம். இடுப்பில் சாவிக்கொத்தோடு நடமாடியவர் அந்த வீட்டில் கணக்குப்பிள்ளை ஒருவர்தானாம்.

"ஆகா! நான் அன்னிக்கே நினைச்சேன்" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சோலையப்பன் எழுந்து நின்றுவிட்டார். "இது அக்கிரமம். கணக்குப்பிள்ளைகிட்ட சாவிக்கொத்து இருக்குன்னு இத்தனை வாரத்துல ஒரு தடவை சொன்னானா? கேக்கிறவனை முட்டாளாக்குறதுக்குப் பேரு நாடகமா? விளையாட்டுல கோட்டை மாத்திப் போடுற மாதிரில்ல இருக்கு!"

"சொல்லலைண்ணே" என்றான் வீரய்யா மெதுவாக. "ஆனா கேட்டுச்சே. அந்த ஆளு வர்றப்பல்லாம் கிலுகிலுன்னு கேட்டுச்சு. இன்னிக்குக்கூட."

"எப்பக் கேட்டுச்சு?"

"எப்பவும்தாம்ப்பா" என்றார் தங்கமுத்து. "அவன் வாயைத் தொறக்கிறதுக்கு முந்தியே சாவிச் சத்தம் வந்துருமே."

சோலையப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கேலி செய்கிற முகம் ஒன்றுகூட இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி அமராவதியிடம் கேட்டார். "ஏ புள்ளே, எனக்குக் காது சரியாக் கேக்குதா?"

அமராவதி தண்ணீர் இறைப்பதை நிறுத்தினாள்.

"வலது பக்கமா நின்னு கூப்பிட்டா நீங்க திரும்புறதே இல்லைங்க. நான்தான் இங்கிட்டு வந்து இடது பக்கமா நின்னு பேசிக்கிறேன். போன வருசத்துல இருந்தே அப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேன். நீங்க மில்லுல இருந்து வந்த அலுப்புன்னீங்க. நாள் பொழுதுக்கும் அந்த எஞ்சினுக்குப் பக்கத்துல நிக்கிற மனுசன், இதைப் போய் பெரிசாப் பேசி என்ன ஆகப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன்."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் துளசிச் செடி ஓரமாக வெகுநேரம் நின்றார். காது போவதைப் பற்றி அவருக்கு வருத்தமே தோன்றவில்லை. அழகுமலை எந்தப் பக்கமாகத் திரும்பினான் என்பதுதான் கண்முன் வந்துகொண்டிருந்தது. மைதானத்தின் மேற்கு ஓரம். அவர் நடுவில் வடக்கே பார்த்து நின்றிருந்தார். அப்படியென்றால் மேற்கு அவருக்கு இடது கை. அந்த நிம்மதி ஒரு நொடிதான் நின்றது. இல்லை, ஆள் வளைந்து வந்தபோது அவரும் கூடவே ஓடித் திரும்பினார். விசிலை வாயில் வைத்தபோது அவன் அவருக்கு வலப்பக்கம் இருந்தான். ஜனம் கத்தியது. பாட்டு நின்றதாக அவர் நினைத்தார். நின்றதைக் கேட்டாரா, அல்லது கேட்கவில்லை என்பதால் நின்றது என்று முடிவு கட்டினாரா?

அன்று மில்லுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்தார். ரேடியோவில் வீரய்யாவின் அதே பாட்டு. பெஞ்சைத் தூக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, இடது காதை அதன் மேல் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தபலாவுக்கு அடியில் ஒரு குழல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பாட்டு முச்சூடும். வலது காதைத் திருப்பி வைத்தார். தபலா மட்டும்தான்.

வீரய்யா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சு."

"எப்படி இருக்கு?"

"இப்பவும் பிடிக்கலைடா" என்றார் சோலையப்பன். "ஆனா குழல் இருக்கு. நீ சொன்னது நெசம். பிடிக்கிறது பிடிக்காதது வேற, இருக்கிறது இல்லாதது வேற." பிறகு குரலைத் தாழ்த்தி, "அழகுமலை பாட்டை விடலைன்னு நல்லாக் கேட்டியா?" என்றார்.

வீரய்யா இத்தனை நாள் கத்திக் கத்திச் சொன்னதைச் சொல்ல இப்போது தயங்கினான். "கேட்டுச்சுண்ணே. எனக்குக் கேட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை சோலையப்பன் புதுக்கோட்டையில் பஸ் மாறி இலுப்பூருக்குப் போனார். சித்தன்னவாசல் குன்று வலப்பக்கமாக வந்து பின்னால் போனதுகூட அவர் கவனத்தில் இல்லை. என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

அழகுமலை வீட்டு வாசலில் ஏர்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே" என்றான். குரலில் கோபம் இல்லாதது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் மனைவி செவந்தி மோர் கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுக்காமல் உள்ளே போனாள்.

சோலையப்பன் மோரைத் தொடவில்லை. சாவிக்கொத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

அழகுமலை கேட்டு முடித்துவிட்டு உளியைக் கீழே வைத்தான். "அன்னிக்கு ராத்திரி எங்க ஊர்க்காரனுகளே என்ன சொன்னானுக தெரியுமாண்ணே? சோலையப்பன் ஊதுனா சரியாத்தான் இருக்கும், நீதான் மூச்சை விட்டுருப்பேன்னானுக. வேற அம்பயர்னா அங்கேயே அடிதடி ஆயிருக்கும். நீங்கங்கிறதால ஒருத்தன்கூட எனக்காகப் பேசலை. மாமனாரு வீட்டுலகூட, வாய்க்கு வந்த கோப்பையைத் துப்பிட்டு வந்தவன்னு ஒரு பேச்சு."

"நீ பாட்டை விட்டியா?"

"விடலைன்னுதான் அன்னிக்குச் சத்தியம் பண்ணுனேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இப்பக் கேட்டா... தெரியலைண்ணே. கோட்டைத்தான் பார்த்துக்கிட்டு ஓடுனேன். வாய் என்ன பண்ணுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

தவறான தீர்ப்பு ஒன்று சொல்லியிருக்கலாம் என்று பயந்துகொண்டு வந்தவர் சோலையப்பன். தன் நல்ல பெயரே ஒருவனுடைய நிச்சயத்தைத் தின்றிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"உங்க ஊரு ஆளுகளைக் கூப்பிடு" என்றார்.

சாவடியில் ஆட்டக்காரர்களும் பெரியவர்களும் கூடினார்கள். சோலையப்பன் நின்றுகொண்டே பேசினார். "தம்பி பாட்டை விட்டுச்சா இல்லையா, எனக்குத் தெரியாது. எனக்குக் கேக்கலை. கேக்கலைங்கிறதும் விட்டுட்டாங்கிறதும் ஒண்ணு இல்லை. அன்னிக்கு நான் அதை ஒண்ணாக்கிட்டேன். அதனால அந்த விசில் செல்லாது. கோப்பையைக் கொண்டாந்து தரச் சொல்றேன்."

ஒரு பெரியவர் சிரித்தார். "காது கேக்காதுன்னு சொல்லிக் குடுக்கிற கோப்பையை நாங்க வாங்கி எங்க வைக்கிறது? இன்னொருக்க ஆடுவோம். ரெண்டு அம்பயர் போடுவோம், பக்கத்துக்கு ஒருத்தரா."

ஆலங்குடியில் இதைச் சொன்னபோது தங்கமுத்து அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டார். "யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தே? கோப்பை ஒன் வீட்டு அண்டாவா? இத்தனை நாளா ஒனக்குக் காது கேக்கலைன்னா, நீ ஊதுன எல்லா ஆட்டத்தையும் திரும்ப ஆடச் சொல்லுவியா?"

"ஆடச் சொல்ல முடியாது" என்றார் சோலையப்பன். "தெரிஞ்ச ஒண்ணையாவது சரி பண்ணலாம்ல."

வீரய்யாதான் ஆட்டக்காரர்கள் வீடு வீடாகப் போனான். கடைசியில் அவர்களே ஒத்துக்கொண்டார்கள். ஜெயிச்சுட்டு வாரோம், அப்பறம் எவன் பேசுறான்னு பார்ப்போம் என்று கிளம்பினார்கள்.

இலுப்பூர் மைதானத்தில் சோலையப்பன் ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்து பார்த்தார். அழகுமலை அன்று நன்றாக ஆடவில்லை. மூச்சை எங்கே விட்டுவிடுவோமோ என்கிற பயம் அவன் காலைப் பிடித்துக்கொண்டது. பாதிதூரம் போய்த் திரும்பித் திரும்பி வந்தான். இரண்டு தடவை பிடிபட்டான். ஆனால் ஐயனார் என்ற புதுப்பையன் ஒருவன் எங்கிருந்தோ முளைத்து, ஆலங்குடிக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். இலுப்பூர் ஜெயித்தது. தங்கமுத்து கோப்பையைத் துண்டால் ஒருமுறை துடைத்து மேடையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்தார்.

அழகுமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோலையப்பனிடம் வந்தான். அவரது இடது பக்கமாக வந்து நின்றான். "நான் ஒண்ணும் பண்ணலைண்ணே இன்னிக்கு" என்று சிரித்தான். "ஆனா பிடிபட்டப்ப, பாட்டு ஓடிக்கிட்டிருந்தது எனக்கே கேட்டுச்சு."

திரும்பும் பஸ்ஸில் தங்கமுத்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்துருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"ஆமா" என்றார் சோலையப்பன்.

"அடுத்த திருவிழாவுக்கு அம்பயருக்கு எங்க போறது?"

"தேடணும்."

பின் சீட்டில் வீரய்யா யாரோடோ தகராறு ஆரம்பித்திருந்தான். ஐயனாரைக் கடைசியாகப் பிடித்த பிடியில், அவன் விரல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று. முன்னால் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். டிரைவர்கூட ஒரு வார்த்தை சொன்னார். தங்கமுத்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தொடலைடா, நான் பார்த்தேன்!" என்று எழுந்தே விட்டார். பாதி வார்த்தைகள்தான் சோலையப்பனுக்குக் கேட்டன. கைகளையும் வாய்களையும் பார்த்துக்கொண்டு, அன்னவாசல் தாண்டும் வரை அந்தச் சண்டையோடு கூடவே வந்தார்.