மோட்டார் கொட்டகை எறும்புகள்

அன்புச்செல்விக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததுதான் வினை. நீளமாக ஒரு கறுப்பு வரிசை, ஒவ்வொன்றின் வாயிலும் நொய்யரிசி மாதிரி வெள்ளையாக ஒன்று. எறும்பு இப்படிக் குடிபெயர்ந்தால் மழைக்கு அதிக நேரமில்லை என்பதில் பனமலைப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவளுடைய வேர்க்கடலையோ, ஊர்ப்பேச்சில் மல்லாட்டை, முழுசாகக் களத்தில் பரப்பிக் கிடந்தது.

விற்கிற மல்லாட்டை என்றால்கூடப் போகட்டும். இது விதைக்கு வைத்தது. போன வருஷம் கடையில் வாங்கிப் போட்ட விதை பாதிக்குமேல் முளைக்காமல் மண்ணோடு போயிற்று. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்த சென்னைக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். "வர்ற ஆடியில நிலம் பச்சையா இருந்தா நீங்களே வெச்சிக்குங்க. இல்லாட்டி வேற ஆள பாத்துக்கறேன்" என்று கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கோபப்பட்டிருந்தாலாவது கெஞ்சியிருக்கலாம்.

அன்புச்செல்வி வீட்டில் அதுவரை யாருக்கும் கொல்லை என்று, தாங்களே பயிர் வைக்கிற நிலம் ஒன்று, இருந்ததில்லை. ஊரார் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து கொடுத்து, கூலியோடு வந்தவர்கள்தான். 'எங்க கொல்லை' என்று சொல்ல அவளுக்கு இப்போதுதான் வாய் பழகியிருந்தது. விதை கெட்டால் அந்தப் பேச்சும் ஆடியோடு முடிந்துவிடும்.

ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாள். நன்றாக உலர்ந்திருந்தால் உள்ளே பருப்பு கலகலக்கும். ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பக்குவத்தில் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், நனைந்தால் களத்திலேயே முளை விடும். அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். வேணு மினி லாரி ஓட்டுகிறவன், அப்போது திண்டிவனம் மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான்.

"எறும்பு முட்டைய தூக்கினு மேல ஏறுது. அங்க வானம் எப்படி இருக்குது?"

"ஒரு பொட்டு மேகம் இல்ல. ரேடார் படமும் பாத்துட்டேன், சுத்தமா இருக்குது. நீ சும்மா பேஜார் ஆவாத."

"எறும்புக்குத் தெரியாதது உன் போனுக்குத் தெரிஞ்சிடுமா?"

"எறும்புக்கு வானம் எங்க தெரியுது செல்வி? மண்ணுல ஈரம் ஏறினா வளையில முட்டை கெட்டுடும்னு கெளம்புது, அவ்ளோதான். தட்டான் தாழப் பறக்குதுன்னு சொல்றாங்களே, அதுவும் அப்படித்தான். ஈரக் காத்துல கொசுவும் பூச்சியும் மேல போகாம கீழயே சுத்தும். அதைப் புடிச்சித் தின்ன தட்டான் கீழ வருது. மழைய பாத்துட்டா வருது?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகராமல் நிற்கிற நேரமெல்லாம் வேணு போனில் இந்த மாதிரி வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்புச்செல்வி பாதியிலேயே போனை வைத்துவிட்டு, மல்லாட்டையைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடினாள். சித்திரை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மூடிய பிறகும் மனசு அடங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் போனைச் சார்ஜில் போட்டாள், உலையை வைத்தாள், உலை கொதிக்குமுன் களத்துக்கு ஓடிவந்தாள். தார்ப்பாயைத் தூக்கியதும் இட்லிக் குண்டானைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. காயெல்லாம் வேர்த்திருந்தது. கையை உள்ளே விட்டால் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முளைக்கருவே வெந்திருக்கும். மழைக்குப் பயந்து நாமே அவித்துவிடப் பார்த்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவசரமாகப் பரப்பினாள். பரப்பி நிமிர்ந்தால் கொட்டகையோரம் தட்டான்கள் முழங்கால் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மறுபடியும் தார்ப்பாயைக் கையில் எடுத்தாள், கீழே போட்டாள், எடுத்தாள்.

"எந்த வளையிலேருந்துதான் வந்து தொலையுதுங்கன்னு பாக்கறேன்" என்று எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனாள். கால் சதக்கென்று சேற்றில் இறங்கியது. அங்கே கொட்டகைக்குச் சொந்தக்காரரும் பக்கத்து நிலத்துக்காரருமான தேவநாதன் குத்துக்காலிட்டு, பூமிக்குள் போகிற குழாயில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து ஒழுவிக்கினு இருக்குது அன்பு. அடியெல்லாம் ஊறிப்போச்சி."

ஊறிய மண்ணிலிருந்து எறும்பு கிளம்பியிருக்கிறது. சேற்றுக்குப் பூச்சி வந்திருக்கிறது, பூச்சிக்குத் தட்டான் வந்திருக்கிறது. வேணு சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணே? உங்க பைப்பால என் வெத வெந்துபோயிருக்கும்."

"எறும்ப நானா ஏவி வுட்டேன்?" என்று தேவநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் மல்லாட்டையை மெல்லிசாகப் பரப்பிவிட்டுத் தார்ப்பாயை மடித்துக் கொட்டகைக்குள் எறிந்தாள். இனி எறும்பு கழுத்துவரை ஏறினாலும் மூடுவதில்லை என்று முடிவு கட்டினாள். வெயில் இறங்குகிறவரை காலால் காயைத் துழாவிவிட்டபடி களத்தையே சுற்றிச்சுற்றி வந்தாள்.

அப்போதுதான் மண்வாசனை வந்தது. பைப்புச் சேறுதானே என்று அவள் நிற்கவேயில்லை. மறுபடியும் வந்தது, கூடவே சிலுசிலுவென்று ஒரு காற்று. தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். நீலமாக இருந்தது. "போதும், ஒரு நாளைக்கு ஒரு வாட்டி ஏமாந்தது" என்றாள் சத்தமாகவே.

ஆனாலும் ஏதோ உறுத்தியது. விடுவிடுவென்று பின்பக்கம் போய் ஒரு பிடி சேற்றை எடுத்து மூக்கில் வைத்தாள். வெறும் பாசி வீச்சம். நேற்றிலிருந்து ஊறிய மண்ணுக்கு அந்த வாசனை ஏது? காய்ந்த புழுதியில் புதுத்துளி விழும்போது கிளம்புகிற வாசனை அல்லவா அது. இங்கே ஒரு துளியும் விழவில்லை. அப்படியானால் வேறெங்கோ விழுந்து, காற்று முந்திக்கொண்டு வந்திருக்கிறது. வடக்கே பார்த்தாள். பனமலைக்குப் பின்னால், மலை மறைத்திருந்த பக்கம், செஞ்சி வானம் மையாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஜல்தி வாங்க. நெசமாவே மழ வருது."

தேவநாதன் மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்த ட்யூபைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார். முறைத்துக்கொள்ள நேரமில்லை. அவர் காய்க்கு அடியில் விரித்திருந்த படுதாவின் இரண்டு முனையைத் தூக்க, இவள் இரண்டு முனையைத் தூக்க, காய் நடுவில் குவிந்தது. தார்ப்பாயை மூடி, ஓரமெல்லாம் கல் வைத்து, சுற்றிலும் மண்ணை அணைக்கும்போது முதுகில் பெருந்துளிகள் அறைந்தன. இருவரும் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். மழை தகரக் கூரையில் கொட்டியது. கூரையின் மூலையில், தண்ணீர் எட்டாத இடத்தில், எறும்புகள் முட்டையை அடுக்கிக்கொண்டிருந்தன.

மடியில் வந்துவிட்ட ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப ஆட்டினாள்.

"மழ வுட்டாத்தான் தெரியும் அன்பு" என்றார் தேவநாதன்.

விட்டதும் ஓடினாள். ஓரத்தைத் தூக்கிக் கையை நுழைத்தாள், சுடவில்லை, ஈரமில்லை. ஒரு பிடி அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போன் நிறைய மிஸ்டு கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது.

"எங்கமே போன? ரேடார்ல செஞ்சி மேல செவப்பா காட்டுது, காட்டுதுன்னு அடிச்சிக்கினே இருக்கறேன். இந்த வெயில்கால மேகம் மதியத்துக்கு மேலதான் கட்டுது, காலைல எப்படித் தெரியும்? மூடினியா இல்லியா?"

"எறும்பு காலையிலயே சொல்லிச்சி" என்றாள். பைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

"வெத இன்னா ஆச்சி, அத சொல்லு" என்றான் வேணு.

 ஒரு காயைப் போன் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். உள்ளே பருப்பு கலகலத்தது.

"கேட்டுச்சா?"

"இன்னொரு வாட்டி ஆட்டு" என்றான்.